வெள்ளிக்கிழமை மழை

விமான நிலையத்து ரேடாரில் மழையையும் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருந்த சமயத்தில் நான் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு காண்ட்ராக்டர் வந்து, "கேபிள் சுருள் தூக்கணும், கோபுரத்துல ஏறணும், தலை சுத்தாத ஆள் யாருய்யா இருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குச் சுற்றாது. போனேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, சமயபுரத்தில் லாட்ஜ் அறைகளைக் கூட்டிக் கழுவுவது, கொஞ்ச காலம் மஸ்கட்டில் சிமெண்ட் என்று பார்த்த வேலைகள் நிறைய. எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, எனக்குத்தான் ஒரே பஸ் ஸ்டாண்டை அதிக நாள் பார்த்தால் அலுத்துவிடும். பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. கிடந்தேன், பிறகு சாப்பிட்டேன்.

கேபிள் வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் ஆட்களை அனுப்பிவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ரேடார் அறையிலிருந்த பொறியாளர் கூப்பிட்டார். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். பாலக்கரைக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கழுத்தில் மெல்லிசாக ஒரு சிலுவைச் சங்கிலி.

"அண்ணே, வேன் ஓட்டுவீங்களா?"

"லாரியே ஓட்டுவேன் மேடம்."

"லைசென்ஸ் இருக்கா?"

"அதுவும் இருக்கு."

"அப்ப அதையில்ல முதல்ல சொல்லணும்" என்றார். அப்படித்தான் நான் அவரிடம் தங்கிப்போனேன்.

அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ரேடார் சுற்றிக்கொண்டே இருக்கும். அது விடுகிற அலை விமானத்தில் பட்டுத் திரும்பும். திரும்பி வருவதை வைத்து விமானம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். மழையில் பட்டாலும் அலை திரும்பும். ஆனால் மழை வந்து திரையை அடைத்துக்கொண்டால் விமானம் தெரியாது. அதனால் மழையை வடிகட்டி எறிந்துவிட்டு விமானத்தை மட்டும் காட்டும்படி செய்து வைத்திருக்கிறார்கள். களத்தில் தூற்றும்போது நெல் காலடியில் விழும், பதர் காற்றோடு போகும் இல்லையா, அதுபோல. இவர் கொண்டுவந்து பொருத்திய பெட்டி அந்தப் பதரைப் பிடித்து வைத்துப் பார்க்கும் பெட்டி. எங்கே மழை கொட்டுகிறது, எங்கிருந்து காற்று கிளம்பி வருகிறது என்று அது நிறம் போட்டுக் காட்டும். இடி மேகத்திலிருந்து காற்று பொத்தென்று தரையில் விழுந்து நாலு பக்கமும் ஓடும். இறங்குகிற விமானம் அதில் மாட்டினால் ஆபத்து. அதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் மொத்த வேலையும்.

"இதுக்குன்னு தனியா ஒரு ரேடார் வாங்கலாமே மேடம்?"

"வாங்கலாம். எப்ப வரும்? அதுக்குள்ள எத்தனை ஐப்பசி போயிடும்? சுத்திக்கிட்டிருக்கிறதுலயே சேத்துடலாம் அண்ணே. முடியும்."

அந்த 'முடியும்' என்பதற்காக அவர் கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப் போட்டிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். எனக்குத் தெரியாது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போகிற நாட்கள் உண்டு என்பது மட்டும் தெரியும்.

பெட்டி சொல்வது சரியா என்று தெரிய, தரையில் சாட்சி வேண்டும். அதற்காகச் சில இடங்களில் மழைமானி வைத்தோம். வெள்ளை உருளை, மேலே புனல். உள்ளே தராசுத் தட்டு மாதிரி இரண்டு சின்னக் கரண்டிகள். ஒன்று நிறைந்தால் டக்கென்று சாயும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் போன் சிக்னலில் பொறியாளருக்குப் போய்விடும். பக்கத்திலேயே ஒரு கம்பியில் காற்றுக்குச் சுற்றுகிற கிண்ணங்கள். ஒன்றை ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் வைத்தோம், ஒன்றைச் சமயபுரத்தில் ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில். அது நான் முன்பு கூட்டிய லாட்ஜ்தான். முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொன்றைத் திருவெள்ளறைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் பாறைக் களத்தில், மரம் மட்டை மறைக்காத இடமாகப் பார்த்து வைத்தோம்.

வாரம் ஒரு தடவை நான் எல்லா இடத்துக்கும் போய்ப் பரிசோதிக்க வேண்டும். அளந்த தண்ணீரைக் குப்பியிலிருந்து மெதுவாகப் புனலில் ஊற்றி, உள்ளே கரண்டி எத்தனை முறை சாய்கிறது என்று எண்ண வேண்டும். ஊற்றும் முன் பொறியாளருக்குப் போன் செய்து சொல்லிவிடுவேன். அவர் அந்தச் சாய்வுகளைக் கழித்துவிடுவார். திருவெள்ளறைக்கு வெள்ளிக்கிழமை. முதல் தடவை போனபோது களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. விவசாயியின் மனைவி தூரத்திலிருந்தே, "சார், செருப்பு! செருப்ப அங்கேயே விட்டுட்டு வாங்க!" என்று கத்தினார். அன்றிலிருந்து கடலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செருப்பைக் களத்து ஓரத்தில் விட்டுவிட்டுத்தான் போவேன்.

ஆயுத பூஜை வந்தது. ரேடார் அறையில் பெட்டிக்குப் பொட்டு வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வைங்க அண்ணே. காத்து போற ஓட்டையில மட்டும் சந்தனத்த அப்பிடாதீங்க. அப்புறம் எங்க மாதாவும் காப்பாத்த மாட்டாங்க, உங்க மாரியம்மனும் காப்பாத்த மாட்டாங்க."

அந்தச் சந்தனத்தில் மிச்சம் இருந்ததை எடுத்துப் போய் எல்லா மழைமானிக்கும் பொட்டு வைத்தேன். திருவெள்ளறையில் விவசாயியின் மனைவி ஒரு சரம் கனகாம்பரம் கொண்டுவந்து கம்பியில் சுற்றிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சல். அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஒரு கட்டிலில் இரண்டு பேர், தலைமாடு கால்மாடாக. பக்கத்து ஆள் மணப்பாறைக்காரர், மாட்டுத் தரகர். தூக்கத்தில் மாட்டு விலை பேசுவார். வெளியே வந்தபோது வேனை வெள்ளிக்கிழமைகளில் வேறு வேலைக்கு ஒதுக்கியிருந்தார்கள், அதனால் என் திருவெள்ளறை நாள் திங்களுக்கு மாறியது.

பொறியாளர் முகம் அப்போது சரியில்லை. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வரப்போகிறார், பெட்டியும் மழைமானிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார், ஒத்துப்போகாவிட்டால் பெட்டியைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொள்ளிடக் கரை ஒத்துப்போகிறது. சமயபுரம் ஒத்துப்போகிறது. திருவெள்ளறை மட்டும் இடிக்கிறது.

"வெள்ளிக்கிழமையானா அங்க மழை பெய்யுது அண்ணே. காலையில, திடீர்னு, கொட்டித் தீர்த்துட்டு நிக்குது. பெட்டியில பாத்தா ஒரு பொட்டு மேகம் இல்ல."

"வெள்ளிக்கிழமை மட்டுமா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

அப்படிக் கொஞ்ச நேரத்தில் கொட்டித் தீர்ப்பதைத்தான் பெட்டி கட்டாயம் பிடிக்க வேண்டும். அதையே தவறவிட்டால் பெட்டி எதற்கு? மலைக்கோட்டை குறுக்கே நின்று அலையை மறைக்கிறதோ என்று படம் போட்டுப் பார்த்தார். மறைத்தால் எல்லா நாளும்தானே மறைக்க வேண்டும்? தோட்டத்துத் தண்ணீர்த் தெளிப்பானா? அங்கே அது கிடையாது. கிண்ணங்கள் அசையவே இல்லை, காற்று இல்லாமல் எப்படிப்பட்ட மழை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். நான் குடியிருந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரர் தினமும் காலையில், "இன்னிக்கு வர்ஷம் உண்டா ஓய்? உம்ம யந்திரம் என்ன சொல்றது?" என்று கேட்பார். அவரிடம் இதைச் சொன்னபோது, "சுக்ரவாரம் மட்டும் பெய்யறதுன்னா அது மழை இல்லை, யாரோ விரதம் இருக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதிகாரி திங்கள்கிழமை வருகிறார். அதற்கு முந்தைய வெள்ளியன்று பொறியாளரிடம் கேட்டு டவுன் பஸ்ஸில் நானே போனேன். மண்ணச்சநல்லூர் தாண்டி இறங்கி நடந்து, களத்துக்கு எதிரே பம்ப்செட் கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் விவசாயியின் மனைவியும் அவர் நாத்தனாரும் வந்தார்கள். தலைக்குக் குளித்து ஈரத்தை நுனியில் முடிந்திருந்தார்கள். களத்து ஓரத்தில் செருப்பை விட்டார்கள். கையில் பித்தளைச் சொம்பு. மழைமானியின் முன் நின்று, தலையைக் குனிந்து, மெதுவாக, சொட்டுச் சொட்டாகப் புனலில் ஊற்றினார்கள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

எழுந்து ஓடினேன். "என்னம்மா பண்றீங்க?"

"அட, வெள்ளிக்கிழமையே வந்துட்டீங்களா! உடம்பு இப்ப தேவலையா?" என்றார் மனைவி. "இன்னும் இளைச்சேதான் இருக்கீங்க."

"அது இருக்கட்டும். எதுக்கு இதுல தண்ணி ஊத்துறீங்க?"

"நீங்க செய்யறதத்தான் செய்யறோம்."

"நான் என்ன செஞ்சேன்?"

"நல்லா இருக்கே. வெள்ளிக்கிழமையானா செருப்ப கழட்டிட்டு வந்து, தண்ணி ஊத்தி, வாய்க்குள்ளயே மந்திரம் சொல்லிட்டுப் போவீங்கள்ல? பொட்டு வெச்சதும் நீங்கதானே? காய்ச்சல்ல படுத்துட்டேன்னு போன்ல சொன்னீங்க. சரி, பாவம், விட்டுப்போனா உங்க பொழப்பு கெட்டுடுமேன்னு நாங்க ஊத்தினோம்."

"அது மந்திரம் இல்லம்மா. எண்ணிக்கிட்டிருந்தேன்."

"எண்ணினீங்களா?" என்றார் நாத்தனார். "உங்க மந்திரம் தெரியலையேன்னு நாங்க மாரியம்மா மாரியம்மான்னு சொல்லிக்கிட்டிருக்கோம்."

"அதுக்கப்புறம்தான் நான் வந்துட்டேனே. திங்கக்கிழமை வந்து ஊத்தினேனே."

"திங்கக்கிழமை ஊத்தினா ஆச்சா? பாதியில நாள மாத்துவாங்களா யாராவது? வெள்ளிக்கிழமைய விடக்கூடாதேன்னுதான் நாங்க விடல."

இதற்குள் விவசாயி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், அது மிஷினுன்னு" என்றார்.

"யாரு, நீங்க சொன்னீங்க? போன வாரம் கெணத்துல எறங்கிப் புதுத் தண்ணி மொண்டு குடுத்தது யாரு?"

அவர் என்னைப் பார்த்து, "வாங்க மழைக்காரரே, மோர் சாப்பிடலாம்" என்றார்.

பொறியாளருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்ததும், "அந்தச் சொம்ப யாரும் விளக்கி உள்ள வெச்சுடாதீங்க, திங்கக்கிழமை வேணும்" என்றார்.

திங்கள்கிழமை பொறியாளரோடு அதிகாரியையும் நான்தான் வேனில் கூட்டிப் போனேன். அதிகாரிக்கு நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை, அதிகம் பேசாதவர். களத்து ஓரத்தில், "சார், செருப்பு" என்று குரல் வந்தது. அவர் ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார். விவசாயியின் மனைவி அதே சொம்பால் அதே மாதிரி ஊற்றினார். பொறியாளரின் போனில் சாய்வுகள் ஏறின. பழைய வெள்ளிக்கிழமைகளின் கணக்கும் இதுவும் அச்சாக ஒன்றாக இருந்தன.

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "இதை நான் ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது?"

"உள்ளது உள்ளபடி எழுதுங்க சார்."

"எழுதறேன். ஆனா பாருங்க, சொம்புத் தண்ணியக் கழிச்சுட்டா இந்த இடத்துல மிச்சம் ஒண்ணுமே இல்லையே. கோடை மழையெல்லாம் நீங்க பெட்டிய முழுசாப் பொருத்தறதுக்கு முன்னாடி போயிடுச்சு. ஒரே ஒரு நிஜ மழை இங்கயும் பெய்யணும், பெட்டியும் அதை முன்கூட்டியே காட்டணும். நான் வியாழக்கிழமை ராத்திரி ரயிலுக்குப் போறேன். அதுக்குள்ள வந்தா பாக்கறேன்."

திரும்பும்போது கொள்ளிடப் பாலத்தில் பொறியாளர் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்துக்கொண்டே வந்தார். ஆற்றில் மணல்தான் தெரிந்தது.

செவ்வாய் வெயில். புதனும் வெயில். வியாழன் மத்தியானம் என்னைத் திருவெள்ளறையில் போய் இருக்கச் சொன்னார். அங்கே களம் முழுவதும் புதிதாகப் பிடுங்கிய கடலை காய்ந்துகொண்டிருந்தது. விவசாயியும் மனைவியும் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கண் கூசியது. எனக்கு நம்பிக்கை இல்லை. மார்க்கெட்டுக்கே திரும்பலாமா, இல்லை ஓசூர்ப் பக்கம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கழற்றும்போது கேபிளையும் நானே இறக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றும் நினைத்தேன்.

போன் அடித்தது.

"அண்ணே, துறையூர்ப் பக்கத்துல பெரிய மேகம். அதுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு கோடு வருது. அது மழை இல்ல, காத்து. உங்களுக்குத்தான் முதல்ல வரும். பதினஞ்சு இருபது நிமிஷம். சார் பக்கத்துலதான் உக்காந்திருக்கார்."

"இங்க வெயில் அடிக்குது மேடம்."

"தெரியும். அங்கேயே இருங்க."

விவசாயியிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த வெயில்லயா? கடலைய அள்ளிட்டு மழை வரலைன்னா மறுபடி யாரு பரப்புறது, உங்க மேடமா?"

மனைவி அதற்குள் படுதாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அந்தப் பொண்ணு சொல்லுதுங்கறேன், நின்னு பேசிக்கிட்டிருக்கீங்களே. புடிங்க அந்தப் பக்கம்."

மூன்று பேருமாக வாரிக் குவித்தோம். பாறைச் சூட்டில் கால் பொசுங்கியது. படுதாவைப் போர்த்தி ஓரத்தில் கல் வைத்துக்கொண்டிருக்கும்போதே வடமேற்கில் வானம் கீழ்விளிம்பில் கறுத்திருந்தது. முதலில் பனைமரங்கள் சலசலத்தன. பிறகு புழுதி, சுவர் மாதிரி. கிண்ணங்கள் சுற்றிய சுற்றில் கிண்ணமே தெரியவில்லை. கனகாம்பரச் சரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. விவசாயியின் தலைத்துண்டு பறந்தது. அவர் அதைத் துரத்தவில்லை, படுதாவின் மேலேயே படுத்துக்கொண்டார். நாங்களும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம்.

போனில் கத்தினேன். "வந்துடுச்சு மேடம்!"

"தெரியுது அண்ணே, கிண்ணம் சொல்லுது" என்றார் அவர்.

பிறகு மழை. பெரிய பெரிய துளிகளாக ஆரம்பித்து, எதிரே இருப்பவர் முகம் தெரியாமல் கொட்டியது. உள்ளே கரண்டிகள் சாய்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் சாய்ந்துகொண்டிருந்தன. கடலை நனையவில்லை. நாங்கள் மூவரும் உள்ளாடை வரை நனைந்தோம். விவசாயியின் மனைவி முகத்தை வழித்துக்கொண்டே, "சொம்பு வேலை இல்ல இன்னிக்கு" என்றார்.

மாலையில் பாதி ஈரத்தோடு ரேடார் அறைக்குப் போனேன். திரையில் அந்தக் கோடு ஊருக்கு மேலேயும் வந்து கடந்துபோயிருந்தது. இறங்க வேண்டிய விமானம் ஒன்று காற்று கடக்கும் வரை மேலேயே சுற்றிவிட்டு இறங்கியதாம். பழைய வழக்கப்படியே காத்திருந்தார்களா, பெட்டியைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது. கன்ட்ரோல் அறையிலிருந்து ஒருவர் வந்து பொறியாளரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக வாட்ச்மேன் சொன்னார். அதிகாரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "பெட்டி இருக்கட்டும். அடுத்த ஐப்பசியும் பாருங்க" என்றார். வாசலில் நின்று ஷூவைப் பார்த்துவிட்டு, "அந்தக் கடலை நனையலையே?" என்று என்னிடம் கேட்டார்.

"நனையல சார்."

அவர் போன பிறகு பொறியாளர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மத்தியானச் சோறு. பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். "அடுத்த ஐப்பசி வரைக்கும் இருப்பீங்கள்ல அண்ணே?"

வாயில் சோறு இருந்ததால் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டேன், இருந்துகொண்டிருக்கிறேன். எனக்கே ஆச்சரியம்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் கிளம்பி, பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டே வேனை ஓட்டுவது அலுக்கவில்லை.

திருவெள்ளறைக்கு மறுபடி வெள்ளிக்கிழமைதான். விவசாயியின் மனைவி கேட்டதற்காக வேன் நாளை மாற்றிக் கொடுத்தார்கள். நான் செருப்பை விட்டுவிட்டுப் போய், போன் செய்துவிட்டு, ஊற்றி, எண்ணுகிறேன். என்னால் போக முடியாத வாரங்களுக்காகப் பொறியாளர் தன் நம்பரை அந்த அம்மாவிடமே கொடுத்து வைத்திருக்கிறார், யார் தண்ணீர் ஊற்றினாலும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று. அந்த அம்மா ஒரு வாரமும் தவறுவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ரேடார் அறையில் போன் அடிக்கும். பொறியாளர் சிரித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போடுவார்.

"மேடம், நான்தான். இன்னிக்கு நாங்க ஊத்தல. சொல்லிட்டேன், ஆமா."